லீஷா டிராக்: சின்னப் பாதைதான், ஆனால் காற்றை இறக்கிவிட்டுப் போங்கள்

கேள்வி இதுதான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஒரு குடும்பம் பழைய டொயோட்டா பிராடோ ஒன்றை வாங்கியிருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். நூசா பக்கம் ஆற்றைக் கடந்து, டீவா கடற்கரை வழியாக டபுள் ஐலண்ட் பாயின்ட் என்ற முனை வரை போய், அங்கிருந்து லீஷா டிராக் என்ற மணல் பாதையைத் தாண்டி ரெயின்போ பீச் பக்கம் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்ப வேண்டும். மணலில் ஓட்டிப் பழக்கம் இல்லை. "அந்த டிராக் ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லையாமே, அதுக்காக டயர்ல காத்து இறக்கணுமா? தனி வண்டியா போகலாமா? வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறது சரியா?"

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரே காரணத்தால்தான் மாட்டுகிறார்கள்.

டீவா கடற்கரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் ஈர மணல் தார் ரோடு மாதிரி கெட்டியாக இருக்கும். தார் ரோட்டில் வந்த அதே 36 பிஎஸ்ஐ காற்றோடு, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி ஓட்டலாம். ஒன்றும் ஆகாது. அதனால் ஓட்டுகிறவருக்கு ஒரு தெம்பு வந்துவிடும்: "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை பில்டப்?" அப்படியே முனைக்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்கம் திரும்பி லீஷா டிராக்கில் ஏறுவார். அங்கே இருப்பது ஈர மணல் இல்லை. கடல் தொடாத உலர்ந்த மணல், நாள் முழுக்க நூற்றுக்கணக்கான டயர்கள் உழுது போட்டது. முதல் ஐம்பது மீட்டரிலேயே வண்டி இழுக்க ஆரம்பிக்கும். பயத்தில் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். சக்கரம் சுழன்று குழி தோண்டும், வண்டி வயிற்றால் உட்கார்ந்துவிடும். பின்னால் ஏழெட்டு வண்டி நிற்கும். விடுமுறை நாளில் இந்தக் காட்சியைப் பார்க்காமல் அந்தப் பாதையைக் கடப்பது கஷ்டம்.

ஆகவே பாதையின் நீளத்தைப் பார்க்காதீர்கள். மணலில் இறங்கும் முன்பே, நூசா வடகரையில் கடற்கரை நுழைவுக்கு முந்தைய இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்கிவிடுங்கள். நீங்கள் சொல்லும் சுமைக்கு, அதாவது ஆறு பேர், ஐஸ் பெட்டி, சாப்பாட்டுக் கூடை எல்லாம் சேர்த்து, 20 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். லீஷா மிருதுவாக இருந்தால் 18க்கு, தேவைப்பட்டால் 16க்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போவது சிக்கியபின் வெளியே வருவதற்கு மட்டும். 12ஐ நெருங்கினால், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். நிஜமாக நடப்பது வேறு: தரையைத் தொடும் பகுதி முன்னும் பின்னுமாக நீண்டு, டாங்கியின் சங்கிலிப்பட்டை போல ஆகிவிடும். அதே எடை அதிகப் பரப்பில் பரவுவதால் டயர் மணலை வெட்டிக்கொண்டு போகாமல் மேலே மிதக்கும். எஞ்சினும் திணறாது. இன்னொரு லாபம், பாதையும் கெடாது. காற்றை இறக்காமல் வருகிற வண்டிகள்தான் பாதையைக் குண்டும் குழியுமாக்குகின்றன. பின்னால் வருகிறவர்கள் ஆத்திரப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு வேண்டிய சாமான் இரண்டே இரண்டு: நம்பகமான ஒரு பிரஷர் கேஜ், திரும்பக் காற்று அடிக்க ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர். கம்ப்ரசர் இல்லாமல் கிளம்பாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் அடித்துக்கொள்ளலாம் என்றால், அங்கு போய்ச் சேரும்வரை தார் ரோட்டில் 18 பிஎஸ்ஐயில் ஓட்ட வேண்டிவரும். டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கெட்டுப்போகும், வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

பிராடோ பற்றி ஒரு வார்த்தை. அது எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும் வண்டி என்பதால், தனியாக எதுவும் போட வேண்டாம் என்று நினைத்துவிடுவார்கள். மணலுக்குள் போகும் முன் சென்டர் டிஃப் லாக்கைப் போடுங்கள். போட்டால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தி பூட்டப்பட்டுவிடும், ஏதோ ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்றுகொண்டிருக்காது. தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வேலை செய்துகொண்டிருந்தால் மணலில் எஞ்சின் சக்தியை நடுவில் வெட்டிவிடும், அதையும் அணைத்துவிடுங்கள். லீஷாவுக்கு ஹை ரேஞ்சே, அதாவது ரோட்டில் ஓட்டும் வழக்கமான நிலையே போதும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியரை இரண்டாவதில் வைத்து, ஒரே சீராக மிதியுங்கள். வேகம் முக்கியமில்லை, அந்த ஓட்டம் அறுபடக் கூடாது, அவ்வளவுதான். நிற்க வேண்டியிருந்தால் பிரேக்கை அழுத்தாமல், காலை எடுத்து, வண்டியைத் தானாக ஓய்ந்து நிற்க விடுங்கள். பிரேக் அடித்தால் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மணல் மேடு குவியும், கிளம்பும்போது அந்த மேட்டை ஏற வேண்டும். நிற்கும் இடத்தையும் இறக்கம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

லீஷாவில் இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் வரும். நடுவில் மேடு பள்ளம், எதிரில் வருகிறவர் தெரியாத திருப்பம் எல்லாம் உண்டு. இடதுபக்கம் ஒட்டியே போங்கள். எதிரே ஒருவர் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வந்தால், இறங்குகிற நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவர் நின்றால் திரும்பக் கிளம்புவது பெரும்பாடு. டிராக்கில் ஏறும் முன் ஒரு நிமிஷம் நின்று, முன்னால் போன வண்டி ஒழுங்காகப் போய்விட்டதா என்று பாருங்கள். ஒருவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால், அவர் நிற்கும்போது நீங்களும் நடு மணலில் நிற்பீர்கள். கையில் யூஎச்எஃப் ரேடியோ இருந்தால் 10ஆம் சேனலில் வையுங்கள், ஃபோர் வீல் டிரைவ் ஆட்கள் வழக்கமாகப் பேசிக்கொள்வது அதில்தான். கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது.

சரி, காற்று ஒரு பாதி. மறுபாதி கடல்.

குயின்ஸ்லாந்து பூங்காத் துறை சொல்லும் விதி எளிது: கடல் உச்சிக்கு ஏறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதீர்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். போன வாரம் நண்பர் போன நேரத்தை வைத்துக்கொண்டு இந்த வாரம் கிளம்ப முடியாது. அட்டவணையைப் பார்த்து, கடல் மிகத் தாழும் நேரம் பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டுக்கு என்றால் உச்சி ஏற்றம் காலை ஆறை ஒட்டியும் மாலை ஆறை ஒட்டியும் இருக்கும். ஆக, எட்டரைக்குக் கடற்கரையில் இறங்கி, மூன்றரைக்குள் வெளியேறினால் நெஞ்சு படபடக்காது. காற்றும் அலையும் பலமாக உள்ள நாளில் அட்டவணையில் போட்டிருப்பதைவிட நீர் மேலே வரும், அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

கிளம்பும் முன், இந்தக் கடற்கரையும் காடும் அடங்கிய கூலூலா பகுதிக்கான வாகன அனுமதியை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். டெவான்டினில் நூசா ஆற்றைக் கடக்கும் வண்டிப்படகுக்குக் கட்டணம் தனி. கடக்க நிமிஷக்கணக்கு நேரம்தான், ஆனால் நீண்ட விடுமுறை வாரக் கடைசிகளில் வரிசை படுத்தும். படகுக்கு முன்பே எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். மணல் நன்றாகவே குடிக்கும்.

கடற்கரையும் அங்கே சட்டப்படி ரோடுதான். பதிவு, பெல்ட், மது, கைபேசி, எல்லா விதியும் பொருந்தும், போலீஸ் நின்று மறிக்கும். அதிகபட்சம் 80 கிலோமீட்டர், கூடாரம் போடும் பகுதியில் 50. நான் சொல்வது, முதல் தடவை 60ஐத் தாண்டாதீர்கள். கரையிலிருந்து ஓடிவரும் நன்னீர் ஓடைகள் மணலை அறுத்து வைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் ஈரக் கோடு, கிட்டே போனால் முழங்கால் ஆழத்துக்கு நேர்ச்சுவராக வெட்டிய பள்ளம். 80இல் வந்தால் முன் அச்சு போய்விடும். சந்தேகம் வந்தால் இறங்கி நடந்து பாருங்கள், பிறகு மெல்லக் கடங்கள். அதேபோல, பளபளவென்று இருக்கிறதே என்று அலை விளிம்பிலேயே ஓட்டாதீர்கள். உப்புத் தண்ணீர் தெறிப்பது வண்டிக்கு அடியில் மெதுவாக வேலை செய்யும் விஷம்.

இப்போது நீங்கள் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். லீஷாவைத் தாண்டியபின் ரெயின்போ பீச் கரையோரமாகவே ஓட்டி ஊருக்குள் ஏறலாம் என்று நினைத்திருப்பீர்கள். படத்தில் பார்த்தால் அதுதான் அழகு: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மஞ்சள், செம்மண், வெள்ளை என்று அடுக்கடுக்காக நிற்கும் மணற்பாறைச் சுவர். ஆனால் அந்தச் சுவருக்கும் கடலுக்கும் நடுவில் ஒதுங்க இடமே கிடையாது. ஊரை நெருங்கும் இடத்தில் மட்லோ பாறைகள் வேறு. மணல் நிறைந்திருக்கும் காலத்தில் அது இருப்பதே தெரியாது, கடல் மணலை அரித்துக்கொண்டு போனபின் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அங்கே அலையில் மாட்டி வீணான வண்டிகளின் கதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் பயணத்தில், வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமே வேண்டாம்.

அதற்குப் பதிலாக இப்படிப் போங்கள். லீஷாவைத் தாண்டி, முனையின் மேற்குப் பக்கம் இருக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்புக்குப் போய் நிறுத்துங்கள். டபுள் ஐலண்ட் பாயின்ட் தென்கிழக்குக் காற்றைத் தடுத்துவிடுவதால் அங்கே அலை அடங்கியிருக்கும். பிள்ளைகள் விளையாட அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. மணல் திட்டு ஒவ்வொரு வருஷமும் உருவம் மாறும், ஆகவே எங்கே ஆழம் என்று முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள். உயிர்காப்பாளர் கிடையாது. புளிசாதத்தை முடித்துவிட்டு, தெம்பிருந்தால் முனையின் மேலே இருக்கும் கலங்கரை விளக்கத்துக்கு ஏறலாம். 1884இல் கட்டியது. ஒரு கிலோமீட்டர் போலத்தான், ஆனால் ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும். ஜூனிலிருந்து நவம்பருக்குள் போனால் திமிங்கிலம் கண்ணில் பட வாய்ப்பு நிறைய. அந்த முனைக்குப் பெயர் வைத்தவர் 1770இல் கப்பலில் கடந்துபோன கேப்டன் குக். அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே அது கபி கபி மக்களின் நிலம்.

பெரியவர் கப்பல் கதை கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. 1973 ஜூலையில் செர்ரி வென்ச்சர் என்ற சரக்குக் கப்பல் புயலில் இழுபட்டு டீவா கடற்கரையில் தரைதட்டியது. திரும்பக் கடலில் இறக்க முடியவேயில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் துருப்பிடித்து நின்று, படம் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அடையாளமாகி, 2007இல்தான் ஆபத்து என்று வெட்டி அகற்றினார்கள்.

திரும்பும்போது மீண்டும் லீஷா வழியாக டீவாவுக்கு வந்து, தெற்கே கொஞ்ச தூரம் போய், ஃப்ரெஷ்வாட்டர் ரோட்டில் உள்ளே ஏறிவிடுங்கள். ரோடு என்று பெயர், மணல் பாதைதான். ஏறக்குறைய 16 கிலோமீட்டர் காட்டுக்குள்ளேயே போய் ரெயின்போ பீச் தார் ரோட்டில் விடும். கடல் ஏறினாலும் கவலையில்லை. என்னைக் கேட்டால் அந்த நாளின் நல்ல பகுதியே இதுதான், கடற்கரையைவிட.

கரையை விட்டு உள்ளே போகப் போகக் காடு மாறுவதைப் பார்க்கலாம். முதலில் மணல்மேட்டில் படர்ந்திருக்கும் ஸ்பினிஃபெக்ஸ் புல். நம் கடற்கரையில் முள்ளுருண்டையாக உருண்டோடும் இராவணன் மீசைக்குப் பங்காளி. அப்புறம் சவுக்கு. அப்பா அம்மாவிடம் காட்டுங்கள், நம்மூர்க் கடலோரத்தில் நட்டு வைத்திருக்கும் அதே வகைச் சவுக்கு, இங்கே தானாக வளர்கிறது. தாழை இனமும் தென்படும். அதைத் தாண்டினால் பேங்க்சியா. கட்டைத் தண்டு, சொரசொரப்பான பட்டை, கரிந்த சோளக்கதிர் போன்ற காய்கள், அதில் வாய் வாயாகத் திறந்த விதைப்பைகள். இன்னும் உள்ளே போனால் ஒருவகை யூக்கலிப்டஸ்: வெள்ளை மரத்தண்டில் யாரோ பேனாவால் கிறுக்கியது போல வளைந்து வளைந்து பழுப்புக் கோடுகள். ஒரு அந்துப்பூச்சியின் புழு பட்டைக்கு அடியில் தின்றுகொண்டே போன தடம் அது. பட்டை உரிந்தபின் வெளியே தெரிகிறது. கடைசியில் வெறும் மணல்மேல் அடர்ந்த மழைக்காடு, வானுயர்ந்த கௌரி பைன், வேறு மரங்களை நெரித்து வளரும் அத்தி. பைமியன் என்ற இடத்தில் மேசை போட்டிருப்பார்கள், அங்கிருந்து பூனா ஏரிக்கு நடைபாதை உண்டு, போக இரண்டு கிலோமீட்டர். தேநீர் நிறத் தண்ணீர், அழுக்கு இல்லை, இலைச்சாறு ஊறியது.

இந்தக் காடு இன்று இருப்பதே ஒரு சண்டையால்தான். மணலில் இருக்கும் ரூட்டைல், சிர்கான் தாதுக்களுக்காக இதைத் தோண்டத் திட்டம் இருந்தது. கவிஞர் ஜூடித் ரைட் போன்றவர்கள் பல வருஷம் போராடி, 1975இல் கூலூலா தேசியப் பூங்காவாக அறிவிக்க வைத்தார்கள். அதனால்தான் மணல்மேட்டுப் புல்லின்மேல் வண்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் புல்லின் வேர்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு டயர்த்தடம் போதும், அந்த வழியே காற்று மணலை அள்ளிக்கொண்டு போக. பாதையில் ஒரு குழி இருந்தால் குழியிலேயே மெல்லப் போங்கள், சுற்றிக்கொண்டு புதுப்பாதை போடாதீர்கள். வெயில் காலத்தில் மேல்மணலில் ஆமைகள் முட்டையிடும். கரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஆலாக்களை வண்டியை விட்டு விரட்டுவதில் என்ன சந்தோஷமோ, எனக்குப் புரிந்ததே இல்லை. வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போங்கள்.

வயதானவர்கள் விஷயம். ஃப்ரெஷ்வாட்டர் ரோட்டில் மர வேர்களும் வரிசையாக அலை அலையான மேடுகளும் உண்டு, தூக்கித் தூக்கிப் போடும். முதுகு வலி உள்ளவர் யாரோ அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பிராடோவின் மூன்றாவது வரிசையில் பெரியவர்களை ஏற்றாதீர்கள், பின் அச்சுக்கு மேலே உட்கார்ந்தால் ஒவ்வொரு குண்டும் இரண்டு மடங்காகத் தெரியும். காற்று இறக்கியிருப்பது இங்கேயும் உதவும், டயரே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மாத்திரைப் பை, நிறையக் குடிதண்ணீர், தொப்பி. வேறு பயம் தேவையில்லை, அவர்கள் ரசிப்பார்கள்.

தனி வண்டியாகப் போகலாமா? வார நாளில் யோசிக்க வேண்டும். சனி, ஞாயிறு என்றால் லீஷாவில் தனியாக இருக்கவே முடியாது, உதவிக்கு ஆள் வந்துவிடும். இருந்தாலும் ஒரு நீளக்கைப்பிடி மண்வெட்டி, டயருக்கு அடியில் வைக்க ஒரு ஜோடி பிளாஸ்டிக் மணல் பலகை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் செய்ய வேண்டியது: காலை உடனே எடுங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக வர முயலுங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும். வரவில்லையா, இறங்கி நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மணலை வாருங்கள், அடிவயிறு தட்டியிருந்தால் அதையும். காற்றை 15க்கு இறக்குங்கள். பலகையை டயருக்கு ஒட்டிச் செருகி, மெல்ல நகர்த்துங்கள். சக்கரத்தைச் சுழலவிட்டால் பலகையும் உருகும், குழியும் ஆழமாகும்.

யாராவது உற்சாகமாகக் கயிற்றோடு வந்து இழுத்துவிடுகிறேன் என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் அவர் கொக்கியை எங்கே மாட்டுகிறார் என்று பாருங்கள். டிரெய்லர் மாட்டும் அந்த உருண்டையில், அதாவது டோ பாலில், ஒருபோதும் மாட்டக் கூடாது. இழுவிசையில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். எடை குறித்த ரெகவரி பாயின்ட், அதாவது இழுப்பதற்கென்றே பொருத்திய கொக்கி மாட்டும் இடம், இரண்டு வண்டியிலும் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். இல்லையென்றால், "வேண்டாங்க, இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கறோம்" என்று சொல்லிவிடுங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இழுக்கும்போது பெரியவர்களும் பிள்ளைகளும் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கயிற்றை யாரும் தாண்டக் கூடாது.

வாடகை வண்டியோடு இதே பயணத்துக்கு நண்பர்கள் யாராவது கிளம்பினால் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மணலும் உப்புத் தண்ணீரும் காப்பீட்டில் சேராது என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

தார் ரோட்டைத் தொட்டதும் ஓரமாக நிறுத்தி, சென்டர் டிஃப் லாக்கை எடுத்துவிட்டுக் காற்றை 36க்கு ஏற்றுங்கள். சின்னக் கம்ப்ரசர் என்றால் ஒரு டயருக்கு ஐந்தாறு நிமிஷம் பிடிக்கும், சூடானால் ஓய்வு கொடுங்கள். கிம்பி வழியாகப் பிரிஸ்பேன் வரும்போது இருட்டிவிடும், கங்காரு நடமாட்டம் உண்டு, நிதானமாக வாருங்கள். வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலாவது, வண்டியின் அடியைக் கழுவிவிடுங்கள். தோட்டத்தில் புல்லுக்கு வைக்கும் தெளிப்பானை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு இடம் மாற்றுங்கள். சேஸிஸின் உட்புறம், பின் அச்சின் மேல்பக்கம், ஸ்பேர் டயர் அடியில் தொங்கினால் அந்த இடம், இவற்றிலெல்லாம் மணல் தங்கியிருக்கும். அங்கே மட்டும் ஹோஸைக் கையில் பிடித்து, விழும் தண்ணீர் தெளிவாகும்வரை அடியுங்கள்.